உப்புக்காத்து ஊர்ல மெட்டீரியல் செலக்ட் பண்றது எப்படி

மூணு வருஷம் முன்னாடி கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம் மீன் வெட்டிக் குடுக்குற அக்காங்களுக்கு ஒரு டேபிள் செஞ்சு குடுத்தோம். மேல 1.2 எம்எம் எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, கீழ எஸ்எஸ் ஸ்கொயர் ட்யூப் கால், 304 கிரேடுன்னு கடைக்காரர் சொன்னாரு, நாங்களும் காந்தம் வச்சு பாத்தோம், ஒட்டல, சரி நல்ல எஸ்எஸ்தான்னு எடுத்துட்டு வந்துட்டோம். நாப்பது நாள் இருக்கும், போன் வந்துச்சு. போய் பாத்தா தகடு முழுக்க ஊசி குத்துன மாதிரி சிவப்பு புள்ளி, கால்ல வெல்டிங் பண்ண எடமெல்லாம் பழுப்பு கறை.

அன்னைக்கு திரும்பி வராம காலைலேர்ந்து அங்கயே உக்காந்து பாத்தேன். பதினோரு மணிக்கு வியாபாரம் முடியுது, ஒரு அக்கா பக்கெட்ல ப்ளீச்சிங் பவுடர கரைச்சு அப்படியே டேபிள் மேல ஊத்தி தொடப்பத்தால தேய்ச்சுட்டு கிளம்பிட்டாங்க. நல்ல தண்ணி ஊத்தலையேக்கான்னு கேட்டா, "ப்ளீச்சிங் போடலன்னா நாத்தம் போவுமா தம்பி, தண்ணிக்கு எங்க போறது"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைய டிசைன் பண்றதுக்கு முன்னாடி கேட்ருந்தா அந்த டேபிளே வேற மாதிரி வந்துருக்கும். அப்புறமா தகட டெஸ்ட் பண்ணி பாத்தா அது 304-ம் இல்ல, வெல கொறஞ்ச 200 சீரீஸ். ஆனா ஒரிஜினல் 304-ஆவே இருந்திருந்தாலும் தினமும் ப்ளீச்சிங் தண்ணி அது மேலயே காஞ்சா அதுவும் குழி விழும், கொஞ்சம் லேட்டா விழும் அவ்ளோதான்.

அதுலேர்ந்து எந்த வேலை வந்தாலும் நான் முதல்ல கேக்குற கேள்வி இதான்: இந்த பொருள் இந்த எடத்துல எதனால கெட்டுப் போவும்? வெயிட்டு தாங்குமா, லுக்கு எப்படி இருக்கும், கிலோ என்ன வெலங்கறதெல்லாம் அதுக்கப்புறம். காலேஜ்ல நமக்கு இத தலகீழா சொல்லிக் குடுக்குறாங்க, ப்ராப்பர்ட்டி டேபிள்ல ஆரம்பிச்சு மெட்டீரியலுக்கு வர்றாங்க, ஆனா டேபிள்ல இருக்குற நம்பர் எதுவும் அந்த அக்காவோட பக்கெட்ட பத்தி சொல்லாது. டிசைன் படிக்கிற பசங்க, பாண்டி கடலூர் பக்கம் சின்னதா பட்டறை வச்சு பொருள் செய்ய ஆரம்பிக்கிறவங்க, உங்களுக்காக நான் செய்ற முறைய அப்படியே எழுதுறேன்.

முதல் வேலை, அந்த எடத்துல ஒரு நாள் உக்காருங்க. ஒரு நோட்டுல எழுதுங்க: வெயில் எத்தனை மணி நேரம் படுது, மழை நேரா படுதா, எதுல கழுவுறாங்க, போர் தண்ணியா பைப் தண்ணியா, யாரு தூக்குறாங்க எங்க போடுறாங்க, ஒடஞ்சா யாரு சரி பண்ணுவாங்க, அந்த ஆளு எவ்ளோ தூரத்துல இருக்காரு. கழுவுறத பத்தின கேள்விய மட்டும் விட்ராதீங்க. துரு எவ்ளோ வேகமா பிடிக்கும்னு எடத்த வகை பிரிக்க ஐஎஸ்ஓ 9223-ன்னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, சி1-லேர்ந்து சி5 வரைக்கும், அதுக்கும் மேல சிஎக்ஸ், ஏசி போட்ட ஆபீஸ் ரூம் சி1, கடலோரம் சி4 சி5 அந்த பக்கம். தேவனாம்பட்டினத்துல கடல பாத்த வீட்டு மொட்டமாடியும் உள்ள தள்ளி இருக்குற நெல்லிக்குப்பத்துல ஒரு வீட்டு மொட்டமாடியும் ஒன்னு கிடையாது, ரெண்டுக்கும் ஒரே பெயிண்ட் ஸ்பெக் எழுதுறது தப்பு. சிப்காட் தொழிற்பேட்டை பக்கம்னா உப்போட கெமிக்கல் புகையும் சேந்துக்கும்.

இதுல நெறைய பேருக்கு தெரியாத ஒன்னு சொல்றேன். மழைல நனையற எடத்த விட, மழை படாம உப்புக்காத்து மட்டும் படற எடம்தான் சீக்கிரம் துரு பிடிக்கும். வீட்டு சன்ஷேடுக்கு கீழ இருக்குற க்ரில்ல பாருங்க, மேல் பகுதி, மழை எட்டாத எடம், அங்கதான் பெயிண்ட் பொரிஞ்சு நிக்கும். மழை உப்ப கழுவி விட்டுடுது, நெழல்ல உப்பு அப்படியே படிஞ்சு ராத்திரி ஈரத்துல கரைஞ்சு வேலை பாக்குது. அதனால "கூரைக்கு கீழதான் வைக்கப் போறோம் பயமில்ல"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அடுத்து "ஸ்ட்ராங்கா வேணும்"ங்கற வார்த்தை. கஸ்டமர் சொல்ற ஸ்ட்ராங் நாலு வேற விஷயம், எதுன்னு நீங்க பிரிச்சு கேக்கணும். வளையாம விறைப்பா நிக்கணுமா, அறுந்து போகாம வெயிட்டு தாங்கணுமா, கீழ விழுந்தா ஒடையக் கூடாதா, இல்ல கீறல் விழக் கூடாதா. கண்ணாடில கீறல் போடுறது கஷ்டம் ஆனா விழுந்தா போச்சு, சைக்கிள் ட்யூப் ரப்பர எத்தனை தடவ போட்டாலும் ஒன்னும் ஆகாது ஆனா அது மேல தட்ட வைக்க முடியாது. பெரும்பாலும் ஆடுது, அதிருது, தொங்குதுன்னு வர்ற கம்ப்ளெயிண்ட் எல்லாம் விறைப்பு பிரச்சனைதான், அதுக்கு ஒசந்த கிரேடு ஸ்டீல் வாங்குனா காசுதான் வீணா போகும், ஏன்னா எல்லா ஸ்டீலோட விறைப்பும் கிட்டத்தட்ட 200 ஜிகாபாஸ்கல்தான், மலிவு ஸ்டீலும் அதான் ஒசந்த ஸ்டீலும் அதான். அங்க மாத்த வேண்டியது வடிவத்த. தகட்டோட விறைப்பு அதோட கனத்தோட மூணாவது அடுக்குல ஏறும், கனத்த ரெண்டு மடங்கு ஆக்குனா விறைப்பு எட்டு மடங்கு. ஓரத்த ஒரு இஞ்ச் மடிச்சு விட்டாலே வெயிட்டு ஏறாம விறைப்பு எங்கேயோ போயிடும், தகரப் பெட்டி செய்றவங்க காலங்காலமா செய்றது இதான்.

அலுமினியம் ஸ்டீல விட மூணுல ஒரு பங்கு விறைப்புதான், 70 ஜிகாபாஸ்கல், அதனால வேணாம்னு விட்றாதீங்க. அதே விறைப்பு வேணும்னா தகட்டு கனத்த 1.4 மடங்கு ஏத்துனா போதும், அப்ப வெயிட்டு ஸ்டீல்ல பாதிதான் வரும், ஏன்னா ஸ்டீல் ஒரு சிசிக்கு 7.85 கிராம், அலுமினியம் 2.7 தான். பலகைக்கு மரத்த இதே கணக்குல போட்டு பாத்தா அலுமினியத்தையே தாண்டிடும். கேம்பிரிட்ஜ்ல மைக்கேல் ஆஷ்பின்னு ஒரு பேராசிரியர் இந்த கணக்க எல்லாம் படமா போட்டு வச்சிருக்காரு, ஒரு பக்கம் விறைப்பு ஒரு பக்கம் எடை, ஒவ்வொரு மெட்டீரியலும் ஒரு குமிழி மாதிரி உக்காந்துருக்கும், அத ஒரு தடவ நல்லா பாத்துட்டீங்கன்னா மனசுல நிக்கும். ஆனா அது லிஸ்ட சுருக்கறதுக்குத்தான், முடிவு எடுக்க அது மட்டும் பத்தாது.

இப்ப எஸ்எஸ் வாங்குறத பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா நம்ம பக்கம் காசு அதிகமா வீணாகறது இங்கதான். 304-ல 18 சதவீதம் குரோமியம் 8 சதவீதம் நிக்கல். 202 மாதிரி 200 சீரீஸ்ல நிக்கல கொறச்சு மாங்கனீஸ் போட்டுருப்பாங்க, வெல கொறவு, பளபளப்பு அதே மாதிரி இருக்கும். காந்தம் ரெண்டுலயும் ஒட்டாது. அதனால காந்த டெஸ்ட் 304-ன்னு நிரூபிக்காது, இத நான் தலைல அடிச்சு சொல்றேன். இன்னும் ஒன்னு, நல்ல 304-ல கூட மடிச்ச எடத்துல காந்தம் லேசா இழுக்கும், அது டூப்ளிகேட்னு அர்த்தம் இல்ல, மடிக்கும்போது உள்ளமைப்பு மாறுது. சொட்டு விட்டு பாக்குற டெஸ்டிங் லிக்விட் விக்குது, 200 சீரீஸ்னா கலர் மாறி சிவப்பா வரும், ஒரு பாட்டில் வாங்கி பைல வச்சுக்கோங்க. பெரிய வேலைன்னா மில் டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்க, அதுல இருக்குற ஹீட் நம்பரும் (எந்த உருக்குல வந்துச்சுங்கற நம்பர்) தகட்டுல அடிச்சிருக்குற நம்பரும் ஒன்னான்னு பாருங்க. கடல பாத்து வைக்குறதுன்னா 316, அதுல 2-லேர்ந்து 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும், உப்புக்கு தாங்குறது அதனாலதான்.

கனத்துலயும் ஏமாத்து நடக்கும், வெர்னியர் இல்லாம கடைக்கு போகாதீங்க. வெர்னியர் இல்லன்னா எடை போடுங்க. 8-க்கு 4 அடி தகடு கிட்டத்தட்ட 2.97 சதுர மீட்டர், 1.2 எம்எம் கனம்னா 28 கிலோ சில்லறை வரணும். தராசு 26 காட்டுச்சுன்னா உங்க கைல இருக்குறது 1.1 எம்எம்.

வாங்குனது நல்ல தகடாவே இருந்தாலும் பட்டறைல கெடும். எம்எஸ், அதாவது சாதா இரும்பு, அதுல செஞ்ச க்ரில்ல தேய்ச்ச அதே கம்பி ப்ரஷ்ல, அதே க்ரைண்டிங் வீல்ல எஸ்எஸ்ஸ தேய்ச்சா இரும்புத் தூள் அதுல பதிஞ்சு ஒரே வாரத்துல துரு வரும், எஸ்எஸ்ஸே துரு பிடிச்சிடுச்சுன்னு சொல்லுவாங்க. எஸ்எஸ்ஸுக்கு தனி வீல், தனி ப்ரஷ், தனி டேபிள். வெல்டிங் பண்ணா ஓரத்துல வானவில் கலர்ல ஒரு படிவு வரும்ல, அது அழகுக்கு இல்ல, அங்க தாங்குற சக்தி போயிடுச்சுன்னு அர்த்தம், பிக்லிங் பேஸ்ட் போட்டு எடுத்து நல்ல தண்ணில கழுவணும். அந்த பேஸ்ட் ரொம்ப மோசமான ஆசிட், க்ளவுஸ் கண்ணாடி இல்லாம தொடக் கூடாது, பட்டறை பசங்க வெறுங்கைல தடவறத பாத்துருக்கேன், தயவு செஞ்சு விடாதீங்க. ஃபினிஷ் எவ்ளோ வழவழப்பா இருக்கோ அவ்ளோ நல்லது, தேய்ச்ச கோடு மேலேர்ந்து கீழயா ஓடணும், படுக்க வாட்டுல ஓடுனா ஒவ்வொரு கோடும் உப்பு தங்குற வாய்க்கால்.

எம்எஸ் மட்டம்னு நான் சொல்ல மாட்டேன். ஒழுங்கா ஹாட் டிப் கால்வனைசிங் பண்ண, அதாவது உருகுன துத்தநாகத்துல முக்கி எடுத்த எம்எஸ் வருஷக்கணக்குல நிக்கும், துத்தநாக படிவு 50 மைக்ரானுக்கு மேல வரும், ஆனா கடைல ஜிங்க் போல்ட்டுனு விக்குற பளபள போல்ட்டுல பெரும்பாலும் 5-லேர்ந்து 12 மைக்ரான்தான், நம்ம ஊர்ல ஒரு மழைக்காலம் தாண்டுறதே பெருசு. ட்யூப்ல செஞ்சு டிப்பிங்குக்கு அனுப்புறீங்கன்னா காத்து வெளியேற ஓட்டை கண்டிப்பா போடணும், 450 டிகிரி துத்தநாகத்துல அடைச்ச ட்யூப் போச்சுன்னா வெடிக்கும், ஆளுக்கு ஆபத்து. பவுடர் கோட்டிங் பாக்க அழகு, ஆனா கூரான ஓரத்துல படிவு மெலிசாயிடும், அங்கேர்ந்துதான் துரு உள்ள பூந்து தோல் உரியற மாதிரி உரிச்சுட்டு வரும். ஓரத்த எல்லாம் உருட்டி விடுங்க. முடிஞ்சா ட்யூபுக்கு பதிலா ஆங்கிள் போடுங்க, ட்யூபுக்கு உள்ள நடக்கறத யாரும் பாக்க முடியாது.

அலுமினியத்துல கிரேடு கேக்காம வாங்காதீங்க. மடிக்கறதுக்கு 5052, கடலோரத்துக்கும் அது நல்லா ஒத்து வரும். 6061 டி6-ஐ சின்ன ரேடியஸ்ல மடிச்சா முதுகுல விரிசல் விடும், வெல்டிங் பண்ணா பக்கத்துல பலம் கணிசமா இறங்கும். ஜன்னல் செக்ஷன் எல்லாம் 6063. அனோடைசிங் (கரன்ட் விட்டு மேல ஆக்சைடு படிவு ஏத்தறது) சொன்னா மைக்ரான் எழுதிக் குடுங்க, கடல் பக்கம் வெளில வைக்கறதுக்கு 25 மைக்ரான் கேளுங்க, ஒன்னும் சொல்லலன்னா மெலிசா பண்ணி அனுப்பிடுவாங்க.

ரெண்டு உலோகம் சேர்ற எடம்தான் நான் எப்பவும் பயப்படற எடம். உப்பு ஈரம் நடுவுல இருந்தா அது ஒரு பேட்டரி, அலுமினியம் கரையும், எஸ்எஸ் நல்லா இருக்கும். இதுல பரப்பு முக்கியம். பெரிய அலுமினியத் தகட்டுல சின்ன எஸ்எஸ் ஸ்க்ரூன்னா மெதுவா போகும், பெரிய எஸ்எஸ் தகட்டுல சின்ன அலுமினிய ரிவெட் அடிச்சீங்கன்னா அந்த ரிவெட் மாவா உதிரும். நடுவுல நைலான் வாஷர், ஸ்லீவ் போட்டு பிரிச்சு விடுங்க, அஞ்சு ரூவா வேலை.

அந்த நைலானையே எல்லா எடத்துலயும் போடாதீங்க. ஒரு தள்ளுவண்டிக்கு சக்கரத்துல நைலான் புஷ் போட்டோம், லேத்ல கச்சிதமா கடைஞ்சு ஷாஃப்ட்ல ஏத்துனப்போ வெண்ணெய் மாதிரி சுத்துச்சு, அது பங்குனி மாசம். ஐப்பசி அடமழைல வண்டிக்காரர் வந்து சக்கரம் சுத்தவே மாட்டேங்குதுன்னாரு. கழட்டி பாத்தா புஷ் ஊதி ஷாஃப்ட கவ்வி பிடிச்சிருக்கு. நைலான் 6 தண்ணிலயே கிடந்தா தன் எடைல 9 சதவீதம் வரைக்கும் தண்ணி குடிக்கும், ஈரக்காத்துலேர்ந்தே 2, 3 சதவீதம் இழுத்துக்கும், அதுக்கேத்த மாதிரி அளவும் ஊதும். டெல்ரின், அதாவது அசிட்டால், ரொம்ப கம்மியாத்தான் குடிக்கும், யுஹெச்எம்டபிள்யூ பாலிஎத்திலீன் குடிக்கறதே இல்லன்னு சொல்லலாம். அந்த வண்டிக்கு டெல்ரின் போட்டோம், இன்னும் ஓடுது.

பிளாஸ்டிக்குக்கு நம்ம ஊர் எமன் வெயில். ஏபிஎஸ் வெளில வச்சா மஞ்சளாகி மொறுமொறுன்னு ஆயிடும், வெளில வைக்கணும்னா ஏஎஸ்ஏ கேளுங்க. பிபி, அதாவது பாலிப்ரோப்பிலீன் சேர் மாவு பூத்த மாதிரி வெளுத்து ஒரு நாள் பட்டுனு கால் ஒடையுதே, அது யூவி ஸ்டெபிலைசர் போடாத, இல்ல பழைய பிளாஸ்டிக் நெறைய கலந்த பிபியாத்தான் இருக்கும். கருப்பு ஹெச்டிபிஇ (கெட்டியான பாலிஎத்திலீன்) பைப் வருஷக்கணக்குல வெயில்ல கிடக்கறதுக்கு காரணம் அதுல கலந்துருக்குற 2 சதவீத சொச்சம் கார்பன் பிளாக். பாலிகார்பனேட் சுத்தியல் அடிய தாங்கும் ஆனா தின்னர் தொட்டு தொடைச்சீங்கன்னா உள்ளுக்குள்ள மயிர் மாதிரி விரிசல் விடும், மறுபடியும் பாருங்க, கழுவுற கேள்விதான். அப்புறம் சூடு. ஒரு மீட்டர் ஹெச்டிபிஇ பலகை காலைல 25 டிகிரி, மத்தியானம் வெயில்ல 50-ன்னா 3, 4 எம்எம் நீளும், அடில இருக்குற ஸ்டீல் ஃப்ரேம் 0.3 எம்எம்தான் நீளும். ரெண்டையும் இறுக்கமா போல்ட் போட்டீங்கன்னா பலகை அப்பளம் மாதிரி தூக்கிக்கும். ஒரு ஓட்டைய மட்டும் வட்டமா, மத்ததெல்லாம் நீளமா போடுங்க. என்ன பிளாஸ்டிக்னு தெரியலன்னா ஒரு துண்ட தண்ணில போடுங்க, கலப்படம் இல்லாத பிபி, பாலிஎத்திலீன் மெதக்கும், ஏபிஎஸ், பாலிகார்பனேட், பிவிசி முங்கும். கொளுத்தி பாக்குறது எல்லாரும் செய்றதுதான், ஆனா பிவிசியா இருந்தா புகை வெஷம், அத நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

மரம். 2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சப்ப பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் விழுந்து கிடந்தத பாத்தவங்களுக்கு தெரியும், தோப்பு தோப்பா போச்சு. அப்ப பலாப் பலகை சல்லிசா கெடைச்சுச்சு, நான் ஆசையா வாங்கி நாலே மாசத்துல சாப்பாட்டு மேஜை செஞ்சேன், பொன் மஞ்சள்ல அவ்ளோ அழகா இருந்துச்சு. கத்திரி வெயில் வந்துச்சு, நடு ராத்திரில பட்டாசு வெடிச்ச மாதிரி சத்தம், காலைல பாத்தா பலகை நீளத்துக்கும் பொளந்து கிடக்கு. ரெண்டு இஞ்ச் பச்சைப் பலகை நெழல்ல வருஷக்கணக்குல காயணும், காஞ்ச பின்னாடியும் ஈரத்துக்கு ஏத்த மாதிரி அகலத்துல விரிஞ்சு சுருங்கிட்டேதான் இருக்கும், நீளத்துல கிட்டத்தட்ட மாறாது. அத ஸ்க்ரூ போட்டு அசையாம கட்டிப் போட்டது என் தப்பு. அப்ப எனக்கு ஒரு ஆசாரி சொன்னாரு, "மரத்துக்கு நகர எடம் குடு, அது ஒன்ன ஒன்னும் பண்ணாது". இப்பவும் பலா என் பிடிச்ச மரம், வீணைக்கு அதத்தான் எடுக்குறாங்க. கறிக்கடை கட்டைக்கு ஏன் புளியமரம்னு யோசிச்சிருக்கீங்களா, நார் ஒன்னோட ஒன்னு பின்னி இருக்கும், குறுக்க அறுத்து நிறுத்துனா எத்தனை வெட்டு வெட்டுனாலும் சிராய் எழும்பாது, கத்தியும் மொக்கையாகாது.

ப்ளைவுட்னா ஐஎஸ் 710 முத்திரை பாருங்க, 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணில போட்டும் ஒட்டு பிரியாதுங்கற டெஸ்ட் அது. ஐஎஸ் 303 பிடபிள்யூஆர் ரகம் அந்த அளவுக்கு இல்ல. 710-ஐயே வாங்குனாலும் அறுத்த ஓரத்த அடைக்காம விட்டா தண்ணி அங்கதான் பூரும். பார்ட்டிகிள் போர்டு பாண்டில சமையக்கட்டு சிங்க்குக்கு கீழ போடறத யாரு சொன்னாலும் ஒத்துக்காதீங்க.

எஃப்ஆர்பி, அதாவது கண்ணாடி நாரும் ரெசினும் சேந்த ஃபைபர், அத பத்தி ஒன்னு. 2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம கரைல கட்டுமரம் போயி ஃபைபர் படகு நெறைஞ்சு போச்சு. உப்புல அரிக்காது, லேசு, அதெல்லாம் சரி, ஆனா அது நெலைச்சு நின்னதுக்கு எனக்கு தெரிஞ்ச முக்கிய காரணம், ஓட்டை விழுந்தா குப்பத்துலயே ஒருத்தர் ரெசினும் கண்ணாடி நார் மேட்டும் வச்சு சாயங்காலத்துக்குள்ள அடைச்சு குடுத்துடுவாரு. ரிப்பேர் பண்ற ஆளு இருக்குற தூரமும் மெட்டீரியலோட ஒரு குணம்தான்னு நான் எடுத்துக்கறேன். ஆனா அது செத்தா பழைய இரும்புக் கடைக்காரர் தொட மாட்டாரு. எஸ்எஸ், அலுமினியம், பிபி எல்லாத்துக்கும் அவர் காசு குடுப்பாரு, ஃபைபர் மட்டும் கரையோரம் அப்படியே கிடக்கும். கணக்குல அதயும் எழுதுங்க.

கைக்கு எப்படி இருக்குதுங்கறத மறந்துடாதீங்க. ஒரே வெயில்ல கிடந்த மர பெஞ்ச்ல உக்காரலாம், இரும்பு பெஞ்ச்ல முடியாது, இரும்பு தன் சூட்ட சட்டுனு தோலுக்கு குடுத்துடும். பாண்டி ஆசிரமத்தோட கோல்கொண்டா விடுதி 1930கள் கடைசில கட்ட ஆரம்பிச்சது, ஆன்டனின் ரேமண்ட் டிசைன், ஜார்ஜ் நாகஷிமா கூட நின்னு கட்டுனாரு. உடம்பு கான்கிரீட்டு, காத்துக்கு தொறந்து மூடற பட்டைங்க, கை படற கதவு தேக்கு. எது எங்கன்னு யோசிச்சு வச்சிருக்காங்க. மெட்டீரியலே ஆள் பழக்கத்தையும் மாத்தும். ஈயச் சொம்புல ரசம் வைக்குற பாட்டி ரசத்த ஊத்திட்டுதான் அடுப்ப பத்த வைப்பாங்க, அந்த ஈயம், அதாவது வெள்ளீயம், 232 டிகிரில உருகிடும், காலிச் சொம்ப வச்சா அடி போயிடும். நீங்க தேர்ந்தெடுக்கற மெட்டீரியல் அந்த மாதிரி ஒரு பழக்கத்த கேக்குதுன்னா, அந்த பழக்கம் அங்க ஏற்கெனவே இருக்கான்னு பாருங்க.

எத்தனை பீஸ்னு தெரியாம மெட்டீரியல் முடிவு பண்ண முடியாது. இஞ்செக்‌ஷன் மோல்டிங்குக்கு டை (அச்சு) செலவே லட்சத்துல போகும், ஆயிரக்கணக்குல அடிச்சாத்தான் கட்டும். நூறு எறநூறுன்னா தகடு மடிக்கறது, கைல ஃபைபர் போடறது, வேக்குவம் ஃபார்மிங், உள்ள காலியான பெரிய பொருள்னா தண்ணி டேங்க் செய்ற ரோட்டோ மோல்டிங். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு எஸ்டேட்ல ஒரு நாள் சுத்துங்க, என்ன மெஷின் இருக்கு, எத்தனை நீளம் மடிக்க முடியும்னு எழுதிட்டு வாங்க. எனக்கு 2.5 மீட்டர் மடிக்கற மெஷின்தான் கிடைக்கும்னா என் டிசைன் 2.4 மீட்டர்.

வெலைய கிலோவுல ஒப்பிடாதீங்க. ஒரு பீஸுக்கு எத்தனை கிலோ, எத்தனை வருஷம் நிக்கும், நடுவுல எத்தனை தடவ பெயிண்ட், கடைசில ஸ்க்ராப்ல என்ன வரும், எல்லாம் போட்டு வருஷத்துக்கு இவ்ளோன்னு கஸ்டமருக்கு எழுதிக் குடுங்க. நான் இத ஒரு பேப்பர்ல காட்ட ஆரம்பிச்ச பின்னாடி 316 வேணாம்னு சொன்னவங்க கொறைஞ்சுட்டாங்க, சில எடத்துல எம்எஸ்ஸே போதும்னு நானே சொல்ல முடிஞ்சுது.

சந்தேகமா இருந்தா துண்டு போட்டு பாருங்க. லேப்ல சால்ட் ஸ்ப்ரே டெஸ்ட் இருக்கு, 35 டிகிரில 5 சதவீத உப்புத் தண்ணிய பனி மாதிரி தெளிப்பாங்க, ரெண்டு கோட்டிங்ல எது மோசம்னு ஓரளவு சொல்லும், ஆனா 500 மணி நேரம் தாங்குச்சுன்னா இத்தனை வருஷம்னு கணக்கு போட முடியாது. நான் செய்றது, 10 சென்டிமீட்டர் துண்டா வெட்டி, வெறும் துண்டு ஒன்னு, வெல்டிங் பண்ணது ஒன்னு, வேற உலோக போல்ட் போட்டது ஒன்னு, கத்தில கீறுன பவுடர் கோட்டிங் ஒன்னு, எல்லாத்தையும் நைலான் கயித்துல கட்டி தேவனாம்பட்டினத்துல தெரிஞ்சவங்க மொட்டமாடில தொங்க விடுவேன். பாதி வெட்டவெளில, பாதி ஷீட்டுக்கு அடில. புரட்டாசில போட்டு தை மாசம் எடுப்பேன், முதல்லயும் கடைசிலயும் எடை போட்டு, வாரம் ஒரு போட்டோ. பிளாஸ்டிக்குக்கு பங்குனிலேர்ந்து ஆனி வரைக்கும். கழுவுற திரவம் எதுன்னு தெரிஞ்சா ஒரு செட்ட தினமும் அதுல முக்கி எடுக்கறதுக்கு அந்த வீட்டு பையனுக்கு காசு குடுத்துடுவேன்.

மீன் டேபிளுக்கும் அப்படித்தான் ஆறு துண்டு போட்டோம். துத்தநாகம் பூசுன எம்எஸ் ப்ளீச்சிங்ல வெளுத்து அரிச்சுது, 316 பரவால்ல ஆனா வெல்டிங்கிட்ட கறை வந்துச்சு. சிப்காட்ல ஒருத்தர் கிட்ட பேசும்போதுதான் கெமிக்கல் கம்பெனில நடைபாதைக்கு எஃப்ஆர்பி கிரேட்டிங்கும் ஆங்கிளும் போடறத சொன்னாரு. இப்ப அக்காங்க கிட்ட இருக்கறது எஃப்ஆர்பி ஆங்கிள் கால், மேல கிரானைட் பலகை, வெட்டறதுக்கு அவங்க அவங்க புளியங்கட்ட, தரைல படற எடத்துல ஹெச்டிபிஇ காலணி, கால எல்லாம் இணைக்குற 8 எம்எம் போல்ட் 316. அந்த போல்ட்டுங்கதான் இதுல முதல்ல போகும்னு தெரிஞ்சேதான் வச்சோம், அதனால பலகைக்கு அடில, கை எட்டற எடத்துல வச்சோம், ஒரு 13 நம்பர் ஸ்பேனரும் ஸ்பேர் போல்ட் எட்டும் பைல போட்டு அந்த ப்ளீச்சிங் அக்கா கிட்டயே குடுத்து வச்சிருக்கோம். போன கார்த்திகைல ரெண்டு மாத்துனாங்களாம்.